சின்முத்திரைக்குச் சுழலும் எலும்புக்கூடு

கொக்குவிலில் ஆடியபாதம் வீதி என்றொரு வீதி. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் மருத்துவ பீடம் அந்த வீதியில்தான் இருக்கிறது. கூத்தப்பெருமானின் திருவடியை நினைவூட்டும் பெயர். ஒரு பாதத்தை எந்த எலும்பு தாங்குகிறது, எந்தத் தசை தூக்குகிறது, எந்த நரம்பு அதற்கு ஆணை கொண்டுபோகிறது என்று படிக்கிற பிள்ளைகள் காலையில் சைக்கிளிலும் ஸ்கூட்டியிலும் அதே வீதியால் போகிறார்கள். பீடம் 1978 இல் தொடங்கியது. உயர்தரம்வரை உயிரியலைத் தமிழில் படித்துவிட்டு வருகிறவர்களுக்கு உடற்கூற்றியல்தான் ஏறவேண்டிய முதல் மலை. பெயர்கள் இலத்தீன், விளக்கம் ஆங்கிலம், பார்க்க வேண்டியதோ உடல்.

பெயர்களை மனனம் செய்துவிடலாம். எங்களூர்ப் பிள்ளைகளுக்கு அது ஒரு பொருட்டல்ல. சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. புத்தகப் படம் தட்டையானது, உடல் அப்படியில்லை. மணிக்கட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கூழாங்கல் போன்ற எட்டு எலும்புகள், வரிசைக்கு நான்காக இரண்டு வரிசை. உள்ளங்கைப் பக்கமாகப் பார்த்தால், பட்டாணிக்கடலை அளவில் ஒன்று இன்னொன்றின் மேல் குந்தியிருக்கும். புறங்கைப் பக்கம் திருப்பினால் அதைக் காணோம். பரீட்சையில் வருவது மூன்றாவது கோணம். அந்தக் கோணத்துக்குப் படத்தை மனத்துக்குள்ளேயே திருப்பவேண்டும்.

இப்படித் திருப்புவதற்கு மூளைக்கு நேரம் தேவை. 1971 இல் றொஜர் ஷெப்பர்ட், ஜாக்குலின் மெற்ஸ்லர் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் அந்த நேரத்தையே அளந்து காட்டினார்கள். சதுரக் கட்டைகளை ஒட்டிச் செய்ததுபோன்ற இரண்டு உருவங்களின் படத்தைக் காட்டி, இரண்டும் ஒன்றா வேறா என்று கேட்டார்கள். ஓர் உருவம் மற்றதிலிருந்து எவ்வளவு பாகை திரும்பி நின்றதோ, விடை சொல்ல அதற்கேற்ற நேரம் எடுத்தது. கணக்குப் பார்த்தால் மனம் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 60 பாகை வேகத்தில் பொருளைத் திருப்புகிறது. சிலருக்கு இந்தத் திறமை கைவந்தது. சிலருக்கு எவ்வளவு படித்தாலும் தடுமாற்றம்தான்.

மனத்துக்குள் திருப்ப வேண்டியதைக் கையாலேயே திருப்பினால் என்ன? கையசைவுக்குக் கட்டுப்படும் உடற்கூற்று மென்பொருள்களின் பிறப்பு இந்தக் கேள்வியில்தான். திரையில் ஓர் எலும்புக்கூடு நிற்கிறது. மௌஸ் இல்லை, விசைப்பலகை இல்லை. கமராவுக்கு முன்னால் பெருவிரலையும் சுட்டுவிரலையும் சேர்க்கிறீர்கள். எலும்பு பிடிபடுகிறது. கையைத் திருப்ப, அதுவும் திரும்புகிறது. விரல்களைப் பிரித்ததும் அது நின்றுவிடுகிறது. இரண்டு கையாலும் பிடித்து விரித்தால் பெரிதாகிறது. தோலைக் கழற்றி, தசையைக் கழற்றி, நரம்பை மட்டும் விட்டும் பார்க்கலாம். பெருவிரலும் சுட்டுவிரலும் சேரும் அந்தக் கோலத்தைக் கோயிலுக்குப் போகிற எவரும் கண்டிருப்பார்கள். கல்லாலின் கீழ் இருந்து, வாய் திறவாமல் பாடம் சொன்ன தட்சிணாமூர்த்தியின் கையில் இருப்பது அதுதான்: சின்முத்திரை.

இந்தக் கை கணினிக்கு எப்படித் தெரிகிறது?

2010 நவம்பரில் மைக்ரோசொவ்ற் நிறுவனம் எக்ஸ்பொக்ஸ் விளையாட்டுக்கென்று கினெக்ட் என்ற கருவியை விற்பனைக்கு விட்டது. கிடுகுக் கூரையின் ஓட்டைகளால் தரையில் விழும் வெயில் பொட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். பூனையொன்று குறுக்கே போனால் பொட்டுகள் அதன் முதுகில் ஏறி, இடம் விலகித் தெரியும். எவ்வளவு விலகின என்பதை வைத்து முதுகின் உயரத்தைக் கணித்துவிடலாம். கினெக்ட் செய்ததும் அதேதான். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புப் பொட்டுகளை அறையெங்கும் வீசியது. சற்றுத் தள்ளியிருந்த கமராவால் அவை எவ்வளவு விலகின என்று பார்த்து, ஒவ்வொரு இடமும் எத்தனை தூரத்தில் இருக்கிறது என்று கணக்கிட்டது. அப்படிக் கிடைத்த தூரப்படத்தில் தலை எது, முழங்கை எது என்று பிரித்தறியும் நிரலுக்குப் பயிற்சி கொடுக்கப் பெரும்பாலும் கணினியிலேயே வரைந்த செயற்கை மனித உருவங்களைப் பயன்படுத்தினார்கள். உடம்பை 31 துண்டுகளாகப் பிரித்து, அவற்றிலிருந்து 20 மூட்டுகளைக் கண்டுபிடித்தது அந்தக் கருவி. விளையாட்டுக்காக வந்ததைப் பரிசோதனைக்கூடங்கள் பிடித்துக்கொண்டன.

மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தார் 2012 இல் இதை வைத்து ஒரு மாயக்கண்ணாடி செய்தார்கள். பெரிய திரைக்கு முன்னால் நிற்கிறீர்கள். கண்ணாடிபோல உங்கள் உருவம் தெரிகிறது. ஆனால் வயிற்றுப் பகுதியில் மட்டும் ஒரு சாளரம் திறந்து, உள்ளே சி.ரி. ஸ்கானில் எடுத்த எலும்பும் குடலும் உங்கள் உடம்போடு சேர்ந்து அசைகின்றன. கையை உயர்த்தித் தாழ்த்த, ஸ்கான் படங்கள் ஒவ்வொரு துண்டாக நகர்கின்றன. ஸ்கானில் உள்ள உறுப்புகள் வேறொருவருடையவை, உங்களுடையவையல்ல. ஆனாலும் ஈரல் வலப்பக்கம் என்பதை அந்தக் கண்ணாடியின் முன் ஒருதரம் நின்றவர் மறக்கப்போவதில்லை.

சத்திரசிகிச்சை நிபுணர்களுக்கு வேறு தேவை இருந்தது. கையைக் கழுவி, கிருமி நீக்கி, கையுறை போட்டபிறகு மௌஸைத் தொட முடியாது. ஸ்கான் படத்தை மாற்ற இன்னொருவரைக் கூப்பிட்டு, 'இன்னும் கீழே, இன்னும் கீழே' என்று சொல்லிக்கொண்டிருக்கவேண்டும். ரொறன்ரோவிலும் லண்டனிலும் சில சத்திரசிகிச்சைக்கூடங்களில் கினெக்டைப் பொருத்தி, காற்றில் கையசைத்தே படத்தை நகர்த்திப் பார்த்தார்கள்.

கினெக்ட் உற்பத்தி 2017 இல் நின்றுபோனது. இப்போது விசேட கருவி எதுவும் வேண்டாம்; மடிக்கணினியோடு வரும் சாதாரணக் கமராவே போதும். 2019 இல் கூகுள் வெளியிட்ட மீடியாபைப் என்ற இலவச நிரல் தொகுதி, ஒரு கையில் 21 புள்ளிகளைக் கண்டுபிடித்துப் பின்தொடர்கிறது. ஏறத்தாழ 30,000 நிஜக் கைப்படங்களில் மனிதர் குறித்துக் கொடுத்த புள்ளிகளையும் செயற்கைப் படங்களையும் பார்த்து அது கற்றுக்கொண்டது. விரலுக்கு நான்கு புள்ளி, மணிக்கட்டுக்கு ஒன்று. பெருவிரல் நுனிப் புள்ளிக்கும் சுட்டுவிரல் நுனிப் புள்ளிக்கும் இடையே தூரம் ஓர் அளவுக்குக் கீழே குறைந்தால் 'பிடித்தான்' என்று பொருள். சின்முத்திரையைக் கணினி வாசிக்கும் விதம் இவ்வளவுதான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கையில் 27 எலும்புகள்: விரல்களில் 14, உள்ளங்கையில் 5, மணிக்கட்டில் 8. மாணவர்களை அழவைக்கும் அந்த எட்டும் கமராவுக்கு ஒற்றைப் புள்ளி. மணிக்கட்டைக் கற்பிக்க வந்த மென்பொருளுக்கே மணிக்கட்டு தெரியாது! ஒரு விரல் இன்னொன்றின் பின்னால் மறைந்தாலும் அதற்குத் தடுமாற்றம்தான். மறைந்த விரலின் இடத்தை ஊகித்துக்கொள்ளும்.

எல்லா அசைவையும் கட்டளை என்று எடுத்துக்கொள்வது இன்னொரு தொல்லை. மூக்கைச் சொறிந்தால் மண்டையோடு சுழல்கிறது. நுளம்பை அடித்தால் நுரையீரல் பெரிதாகிறது. தொட்டதெல்லாம் பொன்னான மைடாஸ் அரசனின் பெயரை இந்தப் பிரச்சினைக்கு மேலைநாட்டார் வைத்திருக்கிறார்கள். எங்களுக்குப் பஸ்மாசுரன் பொருத்தம். தன் தலையில் தானே கைவைத்து எரிந்தவன் அவன். விரல்களைச் சேர்த்தால்தான் கட்டளை என்று வைப்பது இதற்காகத்தான். சும்மா இருக்கும்போது கை அந்தக் கோலத்துக்குத் தானாக வருவது குறைவு.

கை உளைச்சலும் இருக்கிறது. ஒரு கையின் பாரம் உடல் எடையில் இருபதில் ஒரு பங்கு அளவில் வரும். 60 கிலோ எடையுள்ளவர் கையை நீட்டி வைத்திருக்கையில் மூன்று கிலோவைத் தோள் தசை தாங்கிக்கொண்டு நிற்கிறது. பத்து நிமிடத்தில் தோள் கெஞ்சும். பரிகாரம் எளிது: முழங்கையை மேசையில் ஊன்றிக்கொள்ளுங்கள். கண்காட்சிகளில் நின்றபடி இரண்டு கையையும் விரித்துக் காட்டுவது படம்பிடிக்க நன்றாக இருக்கும், படிக்க உதவாது.

இவ்வளவு நேரமும் திரையைப் பார்த்தோம். இனித் திரையை விட்டுவிட்டு, அதைச் சுழற்றுகிற கையைப் பாருங்கள். உண்மையான பாடம் அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம்.

வலக்கையை மேசையில் மல்லாத்தி வையுங்கள். இடக்கை விரல்களால் வலது முழங்கைக்குச் சற்றுக் கீழே, உட்புறமாகப் பிடியுங்கள். இப்போது வலக்கை விரல்களை மடக்கி மடக்கி விடுங்கள். முன்கைக்குள் ஏதோ நெளிவது தெரியும். விரலை மடக்கும் தசைகள் அங்கே இருக்கின்றன. விரலுக்குள் அவற்றுக்கு இடமில்லை. கயிறுகள் மட்டும் வருகின்றன. பொம்மலாட்டக்காரர் மேலேயிருந்து இழுப்பதுபோல முன்கையிலிருந்து ஒன்பது தசைநாண்கள், ஒரு நரம்பையும் கூட்டிக்கொண்டு, மணிக்கட்டின் ஒடுங்கிய குகைக்குள்ளால் விரல்களுக்கு ஓடுகின்றன. அந்தக் குகையின் தரை எங்கள் எட்டுக் கூழாங்கற்கள்.

இன்னொன்று. உள்ளங்கையைக் கவிழ்த்து மேசையில் வைத்து, நடுவிரலை மட்டும் உள்ளே மடித்துக்கொள்ளுங்கள். பெருவிரலைத் தூக்கலாம், சுட்டுவிரலைத் தூக்கலாம், சுண்டுவிரலையும் தூக்கலாம். மோதிரவிரலைத் தூக்கிப் பாருங்கள். அது ஒட்டிக்கொண்டதுபோலக் கிடக்கும். சுட்டுவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நீட்டுவதற்கெனத் தனித்தசை உண்டு. மோதிரவிரலுக்கு இல்லை. அதன் தசைநாண் புறங்கையில் பக்கத்து நாண்களோடு பாலம் போட்டுப் பிணைந்திருக்கிறது. கையசைவு மென்பொருள் எழுதுகிறவர் மோதிரவிரலுக்குத் தனிக் கட்டளை வைக்காமலிருப்பது நல்லது. வைத்தால் பயன்படுத்துகிறவர் திட்டுவார். பரதம் கற்கும் சிறுமிகளுக்கு இது நன்றாகத் தெரியும். திரிபதாகத்தில் மோதிரவிரலை மட்டும் மடக்கு என்றால், சுண்டுவிரலும் கூடவே வந்துவிடும். ஆசிரியையின் கண்டிப்பும் பல மாதப் பழக்கமும் சேர்ந்துதான் அதைப் பிரிக்கின்றன. கொக்குவிலின் பழைய சுருட்டுக் கொட்டில்களில் இருந்த கைகளைக் கேட்டாலும், பெருவிரல் மற்ற விரல்களுக்கு எதிராக வந்து நிற்பது எவ்வளவு பெரிய வரம் என்று சொல்லியிருக்கும்.

சின்முத்திரைக்கே வருவோம். பெருவிரல் நுனியும் சுட்டுவிரல் நுனியும் சேர்ந்து வட்டமாக வளைவதற்கு இரண்டு தசைகள் நுனி மூட்டுகளை மடக்கவேண்டும். இரண்டுக்கும் ஆணை வருவது முன்கையில் ஆழமாக ஓடும் ஒரே நரம்புக் கிளையால். அந்தக் கிளை பழுதானவருக்கு வட்டம் வராது. விரல் நுனிகள் மடங்காமல், இரண்டு விரலும் தட்டையாக ஒட்டிக்கொள்ளும். வைத்தியர்கள் 'ஓ.கே. காட்டுங்கள்' என்று நோயாளியிடம் கேட்பது இந்தச் சோதனைக்காகத்தான். விரல்களை அகல விரிக்கச் சொல்வது, மணிக்கட்டையும் விரலையும் பின்னால் நிமிர்த்தச் சொல்வது எல்லாம் அப்படித்தான். ஒவ்வொன்றும் ஒவ்வொரு நரம்புக்குக் கேள்வி. எலும்பைப் பிடிக்க மாணவர் காட்டும் முத்திரையே ஒரு நரம்புச் சோதனை. நல்ல மென்பொருளென்றால் அந்தக் கணத்தில் திரையில் அந்த இரண்டு தசையையும் அந்த நரம்பையும் ஒளிரச் செய்யவேண்டும். கையசைவை வெறும் றிமோட்டாக வைத்திருப்பவை இந்த வாய்ப்பைக் கைநழுவ விடுகின்றன.

சரி, இந்தச் சுழற்றல் விளையாட்டால் படிப்பு ஏறுகிறதா? கனடாவின் மக்மாஸ்ரர் பல்கலைக்கழகத்தில் ஜெவ்ரி நோர்மன் குழுவினர் 1990களின் இறுதியிலிருந்து இதைச் சோதித்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்டதும் மணிக்கட்டு எலும்புகளைத்தான். எல்லாக் கோணத்திலும் சுழலும் கணினி மாதிரியால், முன்பக்கம் பின்பக்கம் என்ற இரண்டு முக்கிய கோணங்களைப் பார்த்துப் படித்தவர்களைவிடப் பெரிய ஆதாயம் கிடைக்கவில்லை. மனத்துக்குள் திருப்பும் திறமை குறைந்தவர்களுக்கு ஓயாத சுழற்சி பாதகமாகவே அமைந்தது. யாருக்காக இந்த மென்பொருள் தேவையென்று நினைக்கிறோமோ அவர்களுக்கே அது சுமை! சுழற்றும் உரிமையை மாணவர் கையில் கொடுத்தபோது நிலைமை கொஞ்சம் சீரானது; அப்போதும் அவர்கள் அந்த முக்கிய கோணங்களைச் சுற்றியே இங்கும் அங்கும் சற்று அசைத்துப் பார்த்தார்கள். பின்னர் அதே பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வுகளில், திரையில் படித்தவர்களைவிடப் பிளாஸ்ரிக் மாதிரியைப் பார்த்துப் படித்தவர்கள் நன்றாக எழுதினார்கள். ஒரு கண்ணை மறைத்தபோது அந்த அனுகூலம் குறைந்தது. இரண்டு கண்ணும் சேர்ந்து தருகிற ஆழத்தைத் தட்டைத் திரை தருவதில்லை.

ஆகவே பழையதைத் தூக்கிப்போட வேண்டாம். 1990க்குப் பிறகு ஆண்டுக்கணக்கில் மின்சாரமில்லாமல் கிடந்த இந்தக் குடாநாட்டில், ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் படித்து வைத்தியரானவர்கள் இருக்கிறார்கள். இதே பீடத்தின் உடற்கூற்றியல் துறைத் தலைவராக இருந்த ராஜினி திராணகம, 1989 செப்டெம்பர் 21 அன்று, சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தத் துறை அதற்குப் பிறகும் நடந்தது. எந்தக் கமராவும் இல்லாமல்தான் நடந்தது.

திரையில் சுழலும் உடலுக்கும் ஓர் உரிமையாளர் இருந்தார் என்பதையும் சொல்லவேண்டும். 1993 ஓகஸ்டில் ரெக்சாஸ் மாநிலத்தில் மரணதண்டனை நிறைவேற்றப்பட்ட ஜோசப் போல் ஜேர்னிகன் என்பவர் தன் உடலை விஞ்ஞானத்துக்குக் கொடுத்தார். அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் அதை உறையவைத்து, ஒரு மில்லிமீற்றருக்கு ஒரு வெட்டாக 1,871 வெட்டுமுகங்களைப் படமெடுத்து 1994 இல் வெளியிட்டது. அடுத்த ஆண்டு ஒரு பெண்ணின் உடல், இன்னும் மெல்லியதாக, 5,189 வெட்டுகள். உலகத்தின் எத்தனையோ உடற்கூற்று மென்பொருள்கள் இந்த இருவரிலிருந்து பிறந்தவை. உடற்கூற்று மண்டபத்து மேசையில் கிடப்பவர் தருகிற பாடத்தை இவை தரா. ஒருவருடைய நாடி புத்தகம் சொன்ன இடத்தில் இல்லாமல் போகும் என்பதை மேசைதான் காட்டும். இலங்கையில் 1987 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டத்தின்படி எவரும் தம் உடலை மருத்துவக் கல்விக்கு எழுதிவைக்கலாம். வயதுபோன நாங்கள் யோசிக்க வேண்டிய விடயம்.

கடைசியாகப் பெயர்கள். கொக்குவிலிலிருந்து மானிப்பாய் சைக்கிளில் போய்வரும் தூரம். அமெரிக்க மிசன் வைத்தியராக 1847 இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், அங்கே மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். ஹென்றி கிறேயின் புகழ்பெற்ற உடற்கூற்று நூல் லண்டனில் வெளிவந்தது 1858 இல். கிறீனும் அவருடைய மாணவர்களும் அதை 'மனுஷ அங்காதிபாதம்' என்று தமிழாக்கி 1872 இல் அச்சிட்டார்கள். பதினான்கே ஆண்டுகள்! இன்று கையசைவுக்குச் சுழலும் மென்பொருள்களில் எலும்பைத் தொட்டால் இலத்தீன் பெயர்தான் எழுகிறது. அந்தப் பெயர்களுக்குப் பொருள் பார்த்தால் எல்லாம் வீட்டுச் சொற்கள்: மணிக்கட்டின் முதல் வரிசையில் படகு, பிறை, மூன்று மூலைக்காரன், பட்டாணி, இரண்டாம் வரிசையின் ஓரத்தில் கொக்கி. சைக்கிளிலிருந்து விழுந்து கையை ஊன்றினால் இந்த எட்டில் பெரும்பாலும் உடைவது அந்தப் படகு. பெருவிரலை நிமிர்த்தினால் அதன் அடியில் ஒரு பள்ளம் விழுமே, முற்காலத்தில் மூக்குத்தூள் வைத்து இழுத்த பள்ளம், அங்கே அழுத்தினால் நோகும். இதை 'ஸ்கபொயிட்' என்று மனனம் செய்வதற்குமுன் 'படகு' என்று ஒருமுறை கேட்டால், உயர்தரப் பிள்ளைக்கு அது உருவமாகவே நின்றுவிடும்.

விரலைப் பின்தொடரும் நிரல் இலவசம். ஜப்பானில் செய்த 'பொடிபார்ட்ஸ் திறீடி' என்ற உறுப்பு மாதிரித் தொகுதியும் இலவசம். கமரா ஏற்கெனவே மடிக்கணினியில் இருக்கிறது. கணினி விஞ்ஞானம் படிக்கும் தம்பிமாரும் தங்கச்சிமாரும் ஆடியபாதம் வீதிப் பிள்ளைகளோடு ஒரு விடுமுறைக்கு உட்கார்ந்தால் செய்யக்கூடிய வேலை. முழு உடம்பும் வேண்டாம். முதலில் ஒரு கைக்குத் தமிழ்ப் பெயர் போடுங்கள். 27 எலும்புகள்தான்.